உன் 14-ஆம் பக்கத்தைப் பற்றி

யோங் பெங், ஜொகூர்.

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. பேருந்து ஓட்டுநரிடம் நீ கொடுத்தனுப்பிய திரைக்கதைக் கட்டு ஞாயிற்றுக்கிழமை கைக்கு வந்தது. 142 பக்கம். இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உன் மாமனாகப் படித்தேன், இரண்டாவது தடவை கையில் பென்சிலோடு. "மறைக்காம சொல்லுங்க மாமா" என்று மேல் தாளில் எழுதியிருந்தாய். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

நேராக 14-ஆம் பக்கத்துக்கு வருகிறேன். ரப்பர்த் தோட்டம் விற்கப்பட்டுவிட்டது, லயத்தைக் காலி செய்ய வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். பதினேழு வயதுப் பெண் முன்னால் வந்து நிர்வாகியைப் பார்த்து ஒன்றரைப் பக்கம் பேசுகிறாள். மூன்று தலைமுறை, பால் மரம், விடியற்காலைப் பனி, அட்டைக்கடி, அப்பாவின் காசநோய், எல்லாம் அந்தப் பேச்சில் இருக்கின்றன. வாக்கியங்கள் நன்றாக இருக்கின்றன. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனாலும் அந்தப் பக்கத்தில்தான் உன் படம் நின்றுபோகிறது.

காரணத்தைச் சொல்கிறேன். 1993-இல் ஒரு தோட்டத்துப் பெண் அப்படிப் பேசியிருப்பாளா என்பது என் கேள்வி இல்லை. பேசியிருக்கலாம், நம் பெண்களுக்குத் துணிச்சல் குறைவில்லை. அவள் பேசி முடித்த பிறகு பார்க்கிறவனுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அவளுக்கு என்ன வேண்டும், எது வலிக்கிறது, யார் மீது கோபம், எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாள். மிச்சமிருக்கும் 128 பக்கமும் அந்தப் பேச்சின் எதிரொலியாகவே போகிறது. இரண்டாவது தடவை படித்தபோது ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் "இது தெரியும்" என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். பார்த்து வருத்தப்படாதே.

போன வெள்ளிக்கிழமை நம் ஊரில் ஒரு காட்சி பார்த்தேன். அதைச் சொன்னால் நான் சொல்ல வருவது இன்னும் தெளிவாகும்.

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடும் பேருந்துகள் நம் ஊரில் நின்று போவது உனக்குத் தெரியும்.  பேருந்துகள் நிற்கும் அந்தக் கடையில்தான் சாயங்காலம் நான் தே குடிப்பேன். அன்று ஓர் அம்மா, ஐம்பத்தைந்து வயது இருக்கும், எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மேசையில் மூன்று பிளாஸ்டிக் பை. தெற்கே போகும் பேருந்து வந்தது. ஒரு பையன் இறங்கி, அம்மாவைப் பார்த்துக் கை காட்டிவிட்டு முதலில் கழிவறைக்குப் போனான். வண்டி இருபது நிமிடம்தான் நிற்கும். அவன் வருவதற்குள் அந்த அம்மா மைலோ ஐஸ் சொல்லிவைத்தார்.

வந்தான். "பசியாறிட்டேன்மா" என்றான். அவர் காதில் வாங்காமல் டப்பாவைத் திறந்தார். சம்பலில் உப்பு கூடிவிட்டதா என்று கேட்டார். வண்டி ஏன் தாமதம் என்று கேட்டார். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னார். பையன் சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தான். பாதி நேரம் போனபின் அந்த அம்மா கைப்பையிலிருந்து பழுப்பு நிறக் கடித உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் மைலோ கிளாசை நகர்த்தி வைத்தார். பையன் உறையைப் பார்த்தான். அவர் அவனைப் பார்த்தார். "குளிர் சட்டை எடுத்துக்கிட்டியா?" என்றார். "பேக்கில இருக்கு" என்றான். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அந்த அம்மா கிளாசைத் தூக்கி, உறையை எடுத்து, ஈரத்தைப் புடவையில் துடைத்து, கைப்பைக்குள் வைத்து மூடினார். பைகளைத் தூக்கிக்கொண்டு வண்டி வரை போனார்.

வண்டி போன பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார். பையன் பாதி குடித்து வைத்திருந்த மைலோவை, ஐஸ் கரைந்து தண்ணீராகிப் போனதை, மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார்.

அந்த உறைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கடிதமா, வங்கிக் கடிதமா, யாருடைய கல்யாணச் செய்தியோ. ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் அதை மகனிடம் சொல்லியிருந்தால், பாவம் என்று நினைத்துவிட்டு அன்றே மறந்திருப்பேன்.

இதை நீ திரைக்கதை எழுதுகிறவளாகப் பார். அந்த அம்மாவுக்கு ஒன்று வேண்டும்: மகன் தானாகக் கேட்க வேண்டும். குறுக்கே நிற்பது வேறு யாருமில்லை, பயணம் போகிற பிள்ளையைக் கலங்கவைக்கக் கூடாது என்ற அவருடைய எண்ணமேதான். நேரமோ இருபது நிமிடம். கையில் ஒரு பொருள். அந்தப் பொருள் வெளியே வந்து மறுபடி உள்ளே போனது. வரும்போது இருந்த நம்பிக்கை போகும்போது அவரிடம் இல்லை. ஒரு காட்சிக்கு இவ்வளவுதான் வேண்டும். வசனமோ முழுக்க உப்பு, நாய், குளிர் சட்டை.

இதைத் தாளில் இப்படி எழுதுவேன்:

வெளி. பேருந்து நிற்குமிடம், யோங் பெங். மாலை.

தாய் கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து மேசையில் வைக்கிறாள். காற்றில் உறையின் ஓரம் எழும்புகிறது. மைலோ கிளாசை அதன் மேல் நகர்த்துகிறாள். மகன் மெல்வதை நிறுத்துகிறான். உறையைப் பார்க்கிறான்.

தாய்: குளிர் சட்டை எடுத்துக்கிட்டியா?

மகன்: (மெல்லத் தொடங்கி) பேக்கில இருக்கு.

ஹாரன். கிளாசின் அடியில் உறை நனைந்து வட்டமாகக் கறை படிந்திருக்கிறது.

உன் 31-ஆம் பக்கத்தில் "அவள் மனதில் கடந்த காலம் நிழலாடுகிறது" என்று ஒரு வரி இருக்கிறது. சிறுகதையில் அந்த வரி நிற்கும். ஒளிப்பதிவாளரிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் அவர் கேமராவை எங்கே வைப்பார்? திரைக்கதையில் எழுதுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் காதில் விழ வேண்டும். நிழலாடுவதை நீ ஒரு செயலாக மாற்றும்வரை அந்தப் பக்கத்தை யாராலும் படம் பிடிக்க முடியாது.

தமிழ்நாட்டில் பழைய உதவி இயக்குநர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் காட்சியையும் வலப்பக்கம் வசனத்தையும் எழுதுவார்கள். இப்போது கணினியில் எழுதுகிறவர்கள் பலர் அதை விட்டுவிட்டார்கள். நீ உன் கணினியிலேயே எழுது, தவறில்லை. ஆனால் சந்தேகம் வரும் காட்சியை மட்டும் இந்தப் பழைய முறையில் ஒரு தடவை கையால் எழுதிப் பார். உன் 14-ஆம் பக்கத்தை நான் அப்படி எழுதிப் பார்த்தேன். வலப்பக்கம் வழிந்து அடுத்த தாளுக்குப் போயிற்று. இடப்பக்கம் இரண்டே வரி: "மக்கள் கூடி நிற்கிறார்கள். அவள் முன்னே வருகிறாள்."

வசனத்தை நம்பாத படம் ஒன்றைச் சொல்கிறேன். முவாரில் பிறந்த இயக்குநர் யாஸ்மின் அகமதுவின் படங்களைப் பார்த்திருக்கிறாயா? நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். 2009-இல் வந்த 'டேலண்டைம்' அவருடைய கடைசி முழுநீளப் படம். அந்த வருடம் ஜூலையிலேயே காலமாகிவிட்டார். பள்ளியில் ஒரு கலைத்திறன் போட்டி. பாடப்போகும் பெண் மெலூரை ஒத்திகைக்கு மோட்டாரில் ஏற்றிப்போகும் வேலை மகேஷ் என்ற தமிழ்ப் பையனுக்கு. அவனுக்குக் காது கேட்காது. அவளுக்கு முதலில் அது தெரியாது. கேட்டதற்குப் பதில் சொல்லாத திமிர் பிடித்தவன் என்று நினைக்கிறாள். அவள் பாடுவாள், அவனால் கேட்க முடியாது. யோசித்துப் பார், இந்த ஒரு முடிவை எடுத்தவுடனேயே காதல் வசனம் என்ற வசதி எழுதுகிறவரின் கையைவிட்டுப் போய்விடுகிறது. அதன் பிறகு பார்வை, கை, வண்டியின் பின்னிருக்கை இவற்றை வைத்துத்தான் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். தனக்குத் தானே வழியை அடைத்துக்கொண்டு எழுதுவது பெரிய துணிச்சல். இந்த நாட்டில் ஒரு மலாய்க்காரப் பெண்ணும் தமிழ்ப் பையனும் பேசிக்கொள்ள முடியாமல் போகும் எத்தனையோ விஷயங்கள் அந்தக் காது கேளாமைக்குள் அடங்கியிருக்கின்றன. அதை யாரும் வாய்விட்டு விளக்கவில்லை.

இன்னொரு படம் வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்'. 2021-இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது வாங்கியது. மதுரைப் பக்கத்து வறண்ட நிலம், குடிகாரத் தகப்பன், பள்ளிக்கூடத்துப் பையன். கோபித்துக்கொண்டு போன மனைவியை இழுத்து வரத் தகப்பன் பையனையும் கூட்டிக்கொண்டு மாமனார் ஊருக்குப் போகிறான். அவளோ அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். கொதிப்போடு திரும்பப் புறப்படும் தகப்பனின் பேருந்துக் காசைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். இரண்டு பேரும் 13 கிலோமீட்டர் வெயிலில் நடக்க வேண்டியதாகிறது. அந்தப் பையன் "அம்மாவை அடிக்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டைக் கிழிக்கிறான், அம்மாவுக்கு நேரம் கிடைக்கிறது. மொத்தப் படத்தையும் தள்ளிக்கொண்டு போவது ஒரு சிறுவனின் விரல்கள் செய்த அந்த வேலை. இயக்குநரின் சொந்தச் சகோதரி குழந்தையோடு அப்படி நடந்தே வீட்டுக்கு வர நேர்ந்ததுதான் கதையின் விதை என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் நடந்ததை எடுத்தார். ஆனால் நடந்தபடியே எடுக்கவில்லை. நடக்க வைக்கப்பட்டவள் பெண். படத்தில் நடக்க வேண்டி வந்தவன் ஆண்.

பாட்டியின் கதையை "மாத்தாம அப்படியே எடுக்கலாமா" என்று கேட்டிருந்தாயே, அதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. இயக்குநர் மகேந்திரன் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து 1979-இல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தபோது அந்தக் குறுநாவலைப் பக்கம் பக்கமாகத் தொடரவில்லை. தாயில்லாப் பிள்ளைகளின் தவிப்பை எடுத்துக்கொண்டு, ஊரையே நடுங்கவைக்கும் ஒரு மனிதனைச் சுற்றி வேறொரு கதையைக் கட்டினார். நடந்ததற்கு உண்மையாக இருப்பது வேறு, நடந்ததில் உன்னைக் குத்தியது எதுவோ அதற்கு உண்மையாக இருப்பது வேறு. நீ இரண்டாவதைப் பிடித்துக்கொள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் கதையில் வரும் தோட்டக் கிராணி "ஏலேய்" என்று கூப்பிடுகிறார். உன் பாட்டி மதுரைப் படங்களில் வரும் அப்பத்தா மாதிரி பேசுகிறார். நம் தோட்டத்தில் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015-இல் வந்தது, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. அந்தப் பெயரைக் கவனி. கெட்ட என்று பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல், நம் தமிழர் நாவில் புழங்கி ஜகாட் ஆனது. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த ஒரு குடும்பம், கற்பனை நிறைந்த ஒரு சிறுவன், படி படி என்று அடிக்கும் அப்பா, பக்கத்திலேயே குண்டர் கும்பல். மலாய் மொழியும் தமிழ் வீடும் தெருவும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்திருக்கின்றன. சென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பெயரை யாரும் யோசித்திருக்க முடியாது.

அதற்காக வாக்கியத்துக்கு வாக்கியம் "லா" போட்டுவிடாதே. அது ஒட்டவைத்த மீசை மாதிரி தெரியும். பாட்டி எந்த இடத்தில் மலாய்ச் சொல் போடுவார், யாரிடம் போடுவார் என்று நினைவுபடுத்திப் பார். சீனர் கடையில் அவர் பேசிய மலாய் வேறு, நில அலுவலகத்தில் தயங்கித் தயங்கிப் பேசிய மலாய் வேறு. உன் 52-ஆம் பக்கத்தில் பாட்டி நில அலுவலகத்துக்குப் போகிறார், அங்கேயும் தூய தமிழிலேயே பேசுகிறார். அவருடைய மொத்த நிலைமையையும் அவருடைய திக்கலிலேயே காட்டிவிடக்கூடிய காட்சியை நழுவவிட்டிருக்கிறாய்.

கட்டமைப்பு பற்றிக் கேட்டிருந்தாய். சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' படி. சிட் ஃபீல்ட் 1979-இல் எழுதிய புத்தகமும் நூலகத்தில் கிடைத்தால் படி. ஆரம்பம், மோதல், தீர்வு என்று மூன்றாகப் பிரித்துத் திருப்பங்கள் எங்கே வரவேண்டும் என்பார். எழுதி முடித்தபின் எங்கே தொய்கிறது என்று பார்க்க அது உதவும். எழுதும்போது பக்க எண்ணைப் பார்த்துத் திருப்பம் வைக்காதே. நீ 70-ஆம் பக்கத்தில் 'இடைவேளை' என்று எழுதி, அதற்காகவே ஒரு தீ விபத்தை வைத்திருக்கிறாய். நம் ஊர்த் திரையரங்குகளில் தமிழ்ப் படத்துக்கு நடுவே இடைவேளை என்று எழுத்து வரும், விளக்கு எரியாது, படம் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே எடுக்கப்போகும் படத்துக்கு அந்தத் தீ எதற்கு? எடுத்துவிடு.

எல்லாவற்றையும் வசனத்தில் சொல்லிவிடும் தவற்றை நானும் செய்தவன்தான். தொலைக்காட்சிக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாடகத்தில் மகள் கல்யாணமாகிப் போகும் காட்சி. தகப்பனுக்கு மூன்று பக்க வசனம் எழுதினேன். நடித்தவர் மேடையில் பழகிய பெரியவர், ஒரு சொல் பிசகாமல் பேசினார். ஒளிபரப்பில் பார்த்தபோது வசனம் முழுவதும் போயிருந்தது. மகளின் செருப்பிலிருந்த மண்ணை அவர் தன் துண்டால் துடைத்து வாசலில் வைப்பது மட்டும் இருந்தது. அது நான் எழுதியது இல்லை. படப்பிடிப்பில் நேரம் கிடைத்தபோது அவராகச் செய்தது. பல நாள் எனக்கு மனம் ஆறவில்லை. அந்தச் செருப்பை நான் அல்லவா பார்த்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்றும் இருக்கிறது.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் 14-ஆம் பக்கத்துப் பெண் யார் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கு, என் தங்கைக்கு, 1993-இல் பதினேழு வயது. தோட்டத்தை விட்டு நாங்கள் கிளம்பிய நாளில் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. லாரி வாசலில் நின்றது. கட்டில், அலமாரி, சாமி படம், கோழிக்கூடு எல்லாம் ஏற்றியாகிவிட்டது. உன் பாட்டி முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். உன் தாத்தா கத்துகிறார். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். உன் அம்மாவைக் காணோம். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை இடிக்கப்போகிற வீடு அது. சமையலறையிலிருந்து தொடங்கி, சுவரோரமெல்லாம் குனிந்து, வாசல் வரை கூட்டி, குப்பையைத் தகரத்தில் அள்ளிப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு லாரியின் பின்னால் ஏறினாள். வழியெல்லாம் அது அவள் மடியில் கிடந்தது.

நான் அப்போது இருபத்து மூன்று வயதுக்காரன். என்னமோ எழுத்தாளன் என்று நினைப்பு. அவளைத் திட்டினேன். எதைப் பார்த்தேன் என்று எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது.

உன் ஒன்றரைப் பக்க வசனத்தில் உள்ள அத்தனையும் அந்தக் கூட்டலில் இருந்தது. கோபம் இருந்தது, கண்ணியம் இருந்தது, அந்த வீட்டின் மேல் இருந்த பிரியமும் இருந்தது. அதோடு உன் வசனத்தில் இல்லாத ஒன்றும் இருந்தது. அது என்ன என்று இன்றுவரை எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவிடம் கேட்டுப் பார். "அன்னைக்கு எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் "என்னத்த சொல்றது, கஷ்டம்தான்" என்று முடித்துவிடுவாள். லாரியில் முதலில் எதை ஏற்றினீர்கள் என்று கேள். கோழிகளை எதில் கட்டினீர்கள், மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள், அடுப்பில் சாம்பல் இருந்ததா என்று கேள். சாமானைப் பற்றிக் கேட்டால் அவள் பேசுவாள். பேசும்போது அவள் கையைப் பார்த்துக்கொண்டிரு. துடைப்பத்தைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவளாக வருகிறாளா பார்.

142 பக்கத்தையும் இப்போது தொடாதே. 14-ஆம் பக்கத்தை மட்டும் மறுபடி எழுது. இடப்பக்கம், வலப்பக்கம் பிரித்துக் கையால் எழுது. எழுதியதைப் பேருந்தில் கொடுத்தனுப்ப வேண்டாம். அடுத்த சனிக்கிழமை பாட்டிக்குத் திதி, நீயும் அம்மாவும் இங்கே வருகிறீர்கள் அல்லவா, அப்போது கொண்டு வா. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் படித்துவிடலாம். நான் பென்சில் சீவி வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா